உறையும் துருவும்

முடிச்சூருக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை, 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பெயர்பெற்றது. அதற்கு முன்பிருந்தே நம் பகுதியில் தோல் பதனிட உதவியது ஆவாரம்பட்டை.

ரிவால்வர் உறைக்கு ஏற்றது அப்பழைய முறைத் தோலே. நனைத்து அழுத்தினால் ஆயுதத்தின் வடிவைப் பற்றிக்கொள்ளும். உள்ளே அசைவு குறைவதால் எஃகின் நீல மெருகு தேய்வதும் குறையும். குரோம் தோலில் எஞ்சும் உப்புகளோ ஈரம் பட்டால் எஃகை அரிக்கக்கூடும்.

எனினும் எந்தத் தோலும் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே வெளியே செல்கையில் மட்டும் உறை. மற்ற வேளைகளில் எண்ணெய் தடவி, உறையின்றிப் பூட்டி வைத்தலே முறை.

புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மாளிகையில் இருந்ததை ஔவையார் காட்டுகிறார். போர் காணாமையை எள்ளும் பாடலாகவே அதைப் படித்து வந்துள்ளோம். இரும்பைக் காக்கும் முறையும் அதில் பதிவாகியிருப்பதை நாம் கருதவேண்டும்.