பார்க்கப் போனவர்கள்

லண்டனில் 1952 நவம்பரில் மேடையேறிய அகதா கிறிஸ்டியின் 'தி மௌஸ்ட்ராப்', கொரோனாக் கால இடைவெளியைத் தவிர்த்துப் பார்த்தால், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிற நாடகம். கொலையாளி யார் என்பதை வெளியில் சொல்லிவிடாதீர்கள் என்று முடிவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே மரபு. நாமும் சொல்லப் போவதில்லை. நமக்கு வேண்டியவன் மேடைக்கே வராத ஒரு சிறுவன். பண்ணை வீடொன்றில் அடைக்கலமாக விடப்பட்ட மூன்று பிள்ளைகளில் ஒருவன் கொடுமைக்குள்ளாகி இறந்துபோனான் என்பதுதான் அந்நாடகத்தின் முன்கதை; பழிவாங்கல் அதிலிருந்து முளைக்கிறது. இதன் முதல் வடிவம், ராணி மேரியின் எண்பதாவது பிறந்தநாளையொட்டி 1947 மே மாதம் வானொலியில் ஒலிபரப்பான ஒரு சிறு நாடகம். அன்று அதைக் கேட்டவர்களில் பலருக்கு அந்தச் சிறுவனின் உண்மைப் பெயர் நினைவுக்கு வந்திருக்கும். இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் செய்தித்தாள்களில் அப்பெயர் நாள்தோறும் அடிபட்டது.

டென்னிஸ் ஓநீல். வயது 12. வேல்ஸ் பகுதியிலுள்ள நியூபோர்ட் நகராட்சியின் பொறுப்பில் இருந்தவன். 1944 கோடையில் அவனையும் அவன் தம்பி டெரன்ஸையும் ஷ்ராப்ஷரில் மின்ஸ்டர்லி என்னும் ஊருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்கு விட்டார்கள். 1945 ஜனவரி 9 அன்று டென்னிஸ் இறந்தான். அடிபட்டும் பட்டினி கிடந்தும் இற்றுப்போன உடம்பு அது. வளர்ப்புத் தந்தைக்கு ஆறாண்டுச் சிறை. மனைவிக்கு ஆறு மாதம். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களில் அந்தத் தம்பியும் ஒருவன். அவர் தம் முதிய வயதில், 2010இல், அந்த வீட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

கொடியவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதற்காக ஒரு நாடு தன் சட்டத்தை மாற்றிக்கொள்வதில்லை. இவ்வழக்கில் இங்கிலாந்தை உறுத்தியது வேறொன்று. டென்னிஸ் இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன், டிசம்பர் 20 அன்று, நகராட்சியிலிருந்து ஒரு பெண் எழுத்தர் அந்த வீட்டுக்குப் போய்ப் பையன்களைப் பார்த்திருக்கிறார். டென்னிஸின் உடல்நிலை சரியில்லை என்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று அலுவலகத்திலும் தெரிவித்திருக்கிறார். ஆனால் எதுவும் நடக்கவில்லை. இடையில் கிறிஸ்துமஸ் வந்தது. பிள்ளைகளை அனுப்பிய நகராட்சிக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்த மாவட்டத்துக்கும் இடையே யார் கண்காணிப்பது என்ற குழப்பம் வேறு. சர் வால்டர் மாங்க்டன் 1945இல் அளித்த விசாரணை அறிக்கை இந்தக் குழப்பத்தைத்தான் வரிவரியாகப் பிரித்துக் காட்டியது.

அந்த எழுத்தரை நாம் குறைகூறத் தயாரில்லை. அவருக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை இது என்ற எண்ணமே அன்று யாருக்கும் இல்லை. ஏழைகள் சட்டத்தின் கீழ் வந்த பிள்ளைகளைப் பார்ப்பது, அலுவலகத்தில் கோப்பு வைத்திருப்பவரே ஒருநாள் பேருந்து ஏறிப் போய்வருகிற காரியமாக இருந்தது. வீடு சுத்தமாக இருக்கிறதா, படுக்கை இருக்கிறதா, பள்ளிக்குப் போகிறானா? இவற்றுக்கெல்லாம் படிவத்தில் கட்டங்கள் உண்டு. வளர்ப்புப் பெற்றோர் அருகில் நிற்கையில் 'சௌக்கியமா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'சௌக்கியம்' என்றுதான் சொல்லும் என்பதற்குக் கட்டம் இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிற நம் பழமொழியும் ஊட்டுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஊட்டுகிறார்களா என்று போய்ப் பார்க்கிறவர்களைப் பற்றி அதற்கும் ஒன்றும் தெரியாது.

டென்னிஸ் இறப்பதற்கு முன்பே மனசாட்சியுள்ள சிலர் குரல் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1944 ஜூலையில் லேடி ஆலன் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதம், விடுதிகளில் வளரும் பிள்ளைகளின் நிலையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து கடிதங்கள் குவிந்தன. போரும் ஒரு விதத்தில் காரணம். குண்டுவீச்சுக்குத் தப்புவிக்க நகரத்துப் பிள்ளைகளை இலட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பியபோது, தாயைப் பிரிந்த பிள்ளை எப்படி இருக்கும் என்பதை ஏழைக் குடும்பங்கள் மட்டுமல்லாமல் நாடே நேரில் கண்டது. இந்நிலையில் 1945 மார்ச்சில் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரி முதல்வர் மைரா கர்டிஸ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது.

கர்டிஸ் குழுவினர் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதியவர்கள் அல்லர். நானூறுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் நேரில் போனார்கள். இயல்பான குடும்ப வாழ்வை இழந்திருந்த ஏறத்தாழ 1,25,000 பிள்ளைகள் அவர்களின் விசாரணை வரம்புக்குள் வந்தார்கள். அடித்துக் கொடுமைப்படுத்தும் இடங்கள் மிகுதியாக இருக்கும் என்று எண்ணிப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு காட்சி. பல இடங்களில் பிள்ளைகளுக்குச் சோறு இருந்தது, துணி இருந்தது. தனக்கென்று ஒரு பொம்மையோ, தன் சட்டையென்று ஒரு சட்டையோ இல்லை. முன்பின் அறியாத அந்தக் குழுவினர் உள்ளே நுழைந்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டன, உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அறிக்கையில் நம்மை நிறுத்துகிற இடம் இது. அரசாங்க அறிக்கையொன்றில் இத்தகைய காட்சியை எதிர்பார்த்து யாரும் பக்கம் புரட்டுவதில்லை.

இதைவிட முக்கியமானது, பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி. குழுவின் முழு அறிக்கை 1946 இலையுதிர் காலத்தில்தான் வெளிவந்தது. அதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், ஒரு சிறிய இடைக்கால அறிக்கையை அவர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அதன் பொருள் முழுவதும் பயிற்சி ஒன்றே. இல்லங்களில் பிள்ளைகளோடு தங்கியிருப்பவர்களுக்கும், வளர்ப்பு வீடுகளுக்குப் போய்வருபவர்களுக்கும் என்ன கற்பிக்க வேண்டும், எங்கே, எவ்வளவு காலம் என்று அது பேசியது. சட்டம் எப்படி இருக்க வேண்டும், எந்த அமைச்சகம் பொறுப்பேற்க வேண்டும் என்ற பெரிய கேள்விகளெல்லாம் காத்திருந்தன. ஆட்களை உருவாக்கும் வேலை காத்திருக்கலாகாது என்று அவர்கள் கருதினார்கள். நிர்வாக வரலாற்றில் இப்படித் தலைகீழாகத் தொடங்கிய சீர்திருத்தம் அரிது.

1947இல் பயிற்சிக்கென ஒரு மத்தியக் குழு உருவாயிற்று. அவ்வாண்டே பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்கின. 1948 ஜூலை 5 அன்று குழந்தைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலவச மருத்துவச் சேவை தொடங்கியதும் அதே நாளில்தான்; அந்தக் கொண்டாட்டத்தில் இது சற்று மறைந்துபோனது. ஒவ்வோர் உள்ளாட்சியும் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழுவும், 'சில்ட்ரன்ஸ் ஆபிசர்' என்ற தலைமை அலுவலரும் வைத்திருக்க வேண்டும் என்றது சட்டம். அப்பதவிக்கு வந்தவர்களில் பெண்கள் பலர். ஆணுலகமாக இருந்த உள்ளாட்சி அலுவலகங்களில் துறைத் தலைவராக ஒரு பெண் வந்து அமர்ந்தது அன்றைக்குப் புதுமை.

வகுப்பில் என்ன கற்பித்தார்கள்? லண்டன் பொருளியல் பள்ளியில் இப்படிப்பை நடத்தியவர் கிளேர் பிரிட்டன். உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட்டை 1951இல் மணந்துகொண்டு கிளேர் வினிகாட் ஆனவர். வினிகாட்டின் பெயரை அறிந்த இலக்கிய வாசகர்கள் பலருக்குக் கிளேரைத் தெரியாமலிருப்பது ஒரு குறைதான். போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில், எந்த வீட்டாரும் வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பியனுப்பிய முரட்டுப் பிள்ளைகளுக்கென ஐந்து விடுதிகள் இருந்தன. கிளேர் அங்கே சமூகப்பணியாளர். வினிகாட் வாரம் ஒருமுறை வந்துபோகும் மருத்துவர். மருத்துவர் வந்ததும் விடுதிப் பணியாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு 'இந்தப் பையனை என்ன செய்வது?' என்று கேட்பார்கள். கிளேர் அதை மாற்றினார். பிள்ளையோடு இரவும் பகலும் இருப்பவர் நீங்கள். அந்தக் கணத்தில் உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். அவர் வரும்போது என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று பேசலாம் என்றார். பின்னாளில் அவர் நடத்திய பயிற்சியின் விதை இதில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

பிள்ளையோடு பேசுவது பற்றிக் கிளேர் எழுதியவை இன்றும் வாசிக்கத் தக்கவை. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் பிள்ளை பேசாது. இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வேண்டும். படம் வரையலாம், விளையாடலாம், நடந்து போகலாம், காரில் போகலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாத நேரத்தில்தான் பிள்ளை வாய் திறக்கும் என்பது இதன் உட்பொருள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும் பிள்ளைக்கு அதன் கதை முழுவதையும் அறிந்த ஒரே ஆள் பணியாளராகத்தான் இருப்பார் என்பதையும் அவர் வலியுறுத்தினார். அம்மா யார், எந்தத் தெரு, ஏன் இங்கே வந்தோம் என்பதெல்லாம் சிதறாமல் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். கதைகளின் மதிப்பை அறிந்த நாம் இதை மிகையென்று சொல்ல மாட்டோம்.

அக்காலத்தின் வாசனையை அறிய விரும்புவோர், இத்துறையில் தாமே பணியாற்றிய ஜான் ஸ்ட்ரவுட் 1960இல் எழுதிய 'தி ஷார்ன் லாம்ப்' நாவலைத் தேடிப் படிக்கலாம். பெரிய இலக்கியம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இப்பணியைப் பற்றிய ஆவணங்கள் பலவற்றில் இல்லாத சிரிப்பும் களைப்பும் அதில் உண்டு.

இதற்குள் பணியின் எல்லையும் நகர்ந்துவிட்டது. பிள்ளையைப் பிரித்தெடுத்த பிறகு பார்த்துக்கொள்வதைவிடப் பிரிக்காமல் இருக்கக் குடும்பத்துக்கு உதவுவதே மேல் என்ற எண்ணம் வலுத்து, 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. மறுபுறம், பிள்ளைக்கு ஒரு படிப்பு, முதியவருக்கு ஒரு படிப்பு என்று பிரிப்பானேன், சமூகப்பணி முழுவதற்கும் பொதுவாக ஒரே அடிப்படைப் பயிற்சி போதாதா என்ற வாதம் ஐலீன் யங்ஹஸ்பண்ட் போன்றோரால் முன்வைக்கப்பட்டது. 1954இல் அதே லண்டன் பள்ளியில் அவர் தொடங்கிய பொதுப் படிப்பு வெற்றி பெற, கிளேரின் தனிப் படிப்பு அவ்வாறே நிலைக்க முடியவில்லை. 1968இல் வந்த சீபோம் அறிக்கையைத் தொடர்ந்து, 1971 ஏப்ரலில் குழந்தைகள் துறைகளே கலைந்து பொதுவான சமூகச் சேவைத் துறைகளில் கலந்தன. ஒரு குடும்பத்தின் வாசலில் நான்கு அலுவலர்கள் தனித்தனியே வந்து நிற்பதில் அபத்தம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இருபத்துமூன்று ஆண்டுகளில் சேர்ந்த ஒரு நுட்பமான அறிவு அந்தக் கலப்பில் நீர்த்தது என்றே எண்ணத் தோன்றுகிறது.

1973 ஜனவரி 7. டென்னிஸ் இறந்து 28 ஆண்டுகள் நிறைய இரண்டு நாட்கள் இருக்கையில், பிரைட்டனில் மரியா கால்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி மாற்றாந்தந்தையின் அடியில் இறந்தாள். அத்தையும் மாமாவும் வளர்த்துவந்த பிள்ளை. 1971இல் பெற்ற தாயிடம் திருப்பி விடப்பட்டிருந்தாள். இம்முறை பார்க்கப் போகாமல் யாரும் இருந்துவிடவில்லை. சமூகப்பணியாளர், பள்ளி, குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் என்று பலரும் போனார்கள். அண்டை வீட்டார் திரும்பத் திரும்பப் புகார் சொன்னார்கள். ஒருவர் அறிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை.

1974இல் வந்த விசாரணை அறிக்கையில் ஒரு வினோதம் உண்டு. குழுவினர் மூவரில் ஒருவர், மரியாவைத் தாயிடம் அனுப்பிய முடிவைப் பற்றி மற்ற இருவரோடு ஒத்துப்போக மறுத்துத் தனியே எழுதினார். அன்று செய்தித்தாள்கள் சமூகப்பணியாளரைக் கிழித்துக்கொண்டிருந்தன; முடிவெடுத்த நாளில் அந்தப் பணியாளருக்கு எது தெரிந்திருந்தது, எது தெரிந்திருக்க முடியும் என்பதை வைத்தே பேச வேண்டும் என்று அவர் நின்றார். அவர் பெயர் ஆலிவ் ஸ்டீவன்சன். பேராசிரியராவதற்கு முன் டெவன் மாவட்டத்தில் குழந்தைநலப் பணியாளராக வீடு வீடாகப் போனவர். அதற்கும் முன், 1950களின் தொடக்கத்தில், லண்டனில் கிளேர் வினிகாட்டின் வகுப்பில் அமர்ந்திருந்தவர்.