உறை பிரியாத வட்டுகள்

1995 ஆகஸ்ட் 24. அமெரிக்கக் கடைகளில் விண்டோஸ் 95 பெட்டிக்காக நள்ளிரவில் வரிசை நின்றது. அதே வேளையில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். போரால் 1990இல் நின்ற மின்சாரம் திரும்பவில்லை, பேட்டரிக்கும் தடை. அன்றைய பதின்மூன்று பிளாப்பிகள் கொண்ட பதிப்பை இன்று உலகெங்கும் சேகரிக்கிறார்கள். குடாநாட்டின் பழைய பெட்டகங்களில் அதைத் தேடுவது வீண்வேலை. இரண்டு மாதத்தில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே போரால் இடம்பெயர்ந்தது.

2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது.

இந்த இடைவெளியில்தான் உபுண்டு இயங்குதளம் வந்தது. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு. கனோனிக்கல் நிறுவனம் ‘ஷிப்இட்’ திட்டத்தில், கேட்டவர்களுக்கு உலகெங்கும் இலவசமாக, தபாற்செலவும் வாங்காமல் வட்டு அனுப்பியது. 700 எம்பி வட்டை டயல்-அப்பில் இறக்க ஒரு நாளுக்கும் மேலாகும். ஆகவே தபால்காரரே வேகமானவர். தொடக்கத்தில் ஓர் உறைக்குள் இரண்டு வட்டு: ஒன்று நிறுவ, மற்றது நிறுவாமலே ஓட்டிப் பார்க்க.

2011இல் திட்டம் நின்றது. தோட்டத்தில் குருவி கலைக்கக் கட்டித் தொங்கவிடாத வட்டுகளுக்கே, அதுவும் அட்டை உறையோடு இருந்தால், இப்போது மதிப்பு.