என் ஆர்.எக்ஸ். 100-க்கு வந்த விலை



என் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் பள்ளிக்கூட கேட்டுக்கு வருமுன்பே அதன் சத்தம் வந்துவிடும். கடைசி பெஞ்ச் அமைதியாகிவிடும். போன வாரம் பெங்களூரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அந்த வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு நான் எடுத்துக்கிறேன்." 1992-இல் பி.எஃப். லோன் போட்டு, செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் வரலாறுதான் ஓடும்.

1980 வாக்கில் நம்மூரில் பைக் என்றால் புல்லட், எஸ்டி, ராஜ்தூத். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அரசு வழிவிட்ட பிறகு 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அதே வருஷம் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்தது ஆர்.எக்ஸ். 100.

இவற்றில் ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். அதில் என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். சுமார் 100 கிலோ எடைக்கு 11 குதிரைத்திறன். ஒத்தக்கடை தாண்டி ஆனைமலையைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது கியரில் முறுக்கினால் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். ஆனால் ஆயிலும் சேர்ந்து எரியும், எரியாத பெட்ரோலும் புகையோடு போகும். அந்தப் புகையே அதற்கு எமன். மாசு விதிகள் இறுக, 1996-இல் உற்பத்தி நின்றது.

இதே எஸ்கார்ட்ஸ் 1983-இல் ராஜ்தூத் 350 என்று ஒன்றை இறக்கியது. அசலில் அது யமஹா ஆர்.டி. 350, இரண்டு சிலிண்டர், 347 சி.சி. பெட்ரோலைக் குடிக்கிறது என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்கள். இன்று அதற்கு லட்சங்களில் பேரம். மைலேஜில் ஜெயித்த சி.டி. 100-ஐக் கேட்டு யாரும் இப்படி போன் செய்வதில்லை.

"வாங்கி என்னப்பா செய்வாய்?" என்றேன்.

"ஹாலில் வைப்பேன் சார். ஓட்டினால் வேல்யூ போயிரும். என்ஜின் பிரிக்காததுதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒருமுறை போர் செய்தாகிவிட்டது, சைலன்சரும் மாற்றியது என்றேன். குரல் இறங்கியது. ஒன்றே கால் என்றான்.

குறைந்த அந்த 25,000 எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சோழவந்தான் ரோட்டில் நடவு நேரத்துச் சேற்று வாசனையில் போனது. மகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டதில், அம்மாவுக்கு மருந்து வாங்க நடுராத்திரி திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்ததில் போனது.

இருந்தாலும் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. முட்டி வலியோடு கிக்கரை உதைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. ஸ்டார்ட் செய்தால் பேரன் இருமுகிறான். "உங்க கண் ஆபரேஷனுக்கு ஆகும், கொடுத்துருங்க" என்கிறாள் வீட்டுக்காரம்மா. அவள் சொல்வதில் தப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வா, அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வா, பிறகு விலை பேசலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். "கியர் வண்டி பழக்கமில்லையே சார்" என்றான். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.