இரண்டாம் நம்பர் குச்சி

கழுத்துல ஒரு சின்னக் கட்டி. தைராய்டு பக்கம். ஊசியால உறிஞ்சி பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் புதன்கிழமை. அதுவரைக்கும் நான் படற பாட்டைப் பார்த்துட்டு, கூட வேலை பார்க்கிற சீன அக்கா ஒருத்தர் "வா, குவான் இம்கிட்ட கேட்டுடலாம்"னு சனிக்கிழமை வாட்டர்லூ தெருவுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டார்.

சிங்கப்பூர் மக்களுக்கு இந்த இடம் தெரியும். 1870-ல் ஆரம்பிச்ச ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், பக்கத்துலேயே 1884-ல் வந்த குவான் இம் கோயில். அங்கே கும்பிட்ட சீனர்கள் அப்படியே கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டிட்டுப் போவாங்க. நான்தான் இத்தனை வருஷமா கிருஷ்ணனோட திரும்பிடற ஆள்.

முறை இதுதான். மூங்கில் குவளையில் எண் போட்ட 100 குச்சிகள். மண்டி போட்டு, கேள்வியை மனசுல நினைச்சு, ஒரே ஒரு குச்சி வெளியே விழற வரைக்கும் குலுக்கணும். எனக்கு ரெண்டு தடவை கொத்தா விழுந்தது :-) விழுந்த குச்சி நமக்கானதுதானான்னு பிறைநிலா மாதிரி இருக்கிற ரெண்டு சிவப்புக் கட்டைகளைப் போட்டுக் கேட்கணும். ஒண்ணு தட்டையா, ஒண்ணு குவிஞ்சு விழுந்தா சரி. ரெண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தா சாமி சிரிக்குதாம், திரும்பக் கேள். நம்ம திருவுளச்சீட்டுக்கு இப்படி ஒரு மேல்முறையீடு கிடையாது.

எனக்கு வந்தது 2. எண்ணுக்கு உரிய சீட்டுல ஒரு நாலு வரிக் கவிதையும், ஒரு பழங்கதையின் பேரும் உண்டு. குவான் யின் சீட்டுகளில் இரண்டாவது, சூ சின் தோற்றுப்போன கதை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஆள்னு சொல்வாங்க. சின் நாட்டு அரசனிடம் யோசனை சொல்லப் போய், எடுபடாம, கந்தலோட வீட்டுக்குத் திரும்பறார். வீட்டுல யாரும் மதிக்கலை. தூக்கம் வந்தா தொடையில் ஊசியால குத்திக்கிட்டுப் படிச்சு, பின்னால ஆறு நாடுகளுக்கு ஒரே நேரத்துல அமைச்சரானார்னு கதை. சரி, இதுக்கும் என் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதுக்குத்தான் கவிதைக்குக் கீழே தனித்தனியா பலன் போட்டிருக்கும். வீடு, தன் உடம்பு, பணம், வியாபாரம், கல்யாணம், கர்ப்பம், வழக்கு, காணாமப் போன பொருள், ஊருக்குப் போனவர், வயலும் பட்டுப்புழுவும், ஆடுமாடு, நோய். அந்தக் காலத்து விவசாயியோட மொத்தக் கவலையும் ஒரு துண்டுக் காகிதத்துல! அவருக்குப் பட்டுப்புழு செத்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரே வரிசைதான்.

என் கண்ணு நேரா 'நோய்' வரிக்குப் போச்சு. சாமிக்கு வேண்டிக்கொள், அவ்வளவுதான். வயித்தைக் கலக்கிடுச்சு. பலன் சொல்ற அங்கிள் சீட்டைத் திருப்பி வாங்கிக்கிட்டு, "படுத்த படுக்கையா இருக்கியா? வேலைக்குப் போறே இல்ல? அப்ப நீ அதைப் படிக்கக் கூடாது. 'தன் உடம்பு' வரியைப் படி. காத்திருக்கச் சொல்லுது. டாக்டர் என்ன சொன்னார்?"னு கேட்டார். அக்கா மொழிபெயர்த்தார். "டாக்டரும் காத்திருக்கத்தான் சொன்னார்"னேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, நோய்க்குன்னே தனிக் குச்சிகள் இருந்திருக்கு. ஹாங்காங்ல புகழ்பெற்ற வோங் தாய் சின் கோயில் கதையே அப்படித்தான் ஆரம்பிக்குது. 1915-ல் லியாங் ரென்யான் என்கிற மூலிகை வைத்தியர் அந்தச் சாமி படத்தோட குவாங்டோங்கிலிருந்து வந்து, வான் சாய் பகுதியில் மருந்துக் கடை போட்டு, கடைக்குள்ளேயே சந்நிதியும் வச்சார். ஆண், பெண், குழந்தை, வெளிக்காயம், கண்ணுன்னு அஞ்சு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 100 சீட்டு. குலுக்கினா எண், எண்ணுக்கு ஒரு மருந்துச் சீட்டு. எந்த மூலிகை, எவ்வளவு எடை, எல்லாம் அச்சுல. சாமியே பிரிஸ்கிரிப்ஷன் எழுதிடுது! நாடி பிடிச்சுப் பார்க்க ஆளில்லாம மருந்து சாப்பிடறதை நினைச்சா எனக்கு இப்பவும் பகீர்னுது. ஆனா டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத குடியேறிகளுக்கு வேற என்ன இருந்தது? ஹாங்காங் 1894 பிளேக்கைப் பார்த்த ஊர்.

1921-ல் கோயில் கௌலூனுக்கு மாறுது. மூணே வருஷம், 1924-ல் அந்தக் கோயில் அமைப்பு இலவச மூலிகை வைத்தியசாலை திறக்குது. குச்சிக்குப் பதில் மனுஷ வைத்தியர். பொதுமக்களுக்குக் கோயிலைத் திறந்துவிட்டதே 1956-ல்தான், வைத்தியசாலை அதுக்கு 32 வருஷம் முன்னாடி. நம்ம வாட்டர்லூ தெரு குவான் இம் கோயில் பேரிலும் சிமெய்ல ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கு. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கேன், பேரைக் கவனிச்சதில்லை.

சீட்டு பர்சுல இருக்கு. எத்தனை தடவை பிரிச்சுப் பார்த்தாலும் 'நோய்' வரியைத்தான் முதல்ல படிக்கிறேன், அங்கிள் மன்னிக்கணும். அம்மாவுக்கு இன்னும் சொல்லலை. நல்லவேளை, அவங்க இதையெல்லாம் படிக்க மாட்டாங்க. புதன்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அக்காவும் லீவு போட்டுட்டு வர்றாராம்.