எரிமலையும் தெய்வமும்



ஜப்பானியரின் பழஞ்சமயமாகிய ஷிந்தோவில் மலை, அருவி, பெருமரம் முதலியன தெய்வம் உறையும் இடங்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றுள் தலைமை வாய்ந்தது 3,776 மீட்டர் உயரமுள்ள பூஜி மலை. அதன் வெண்பனி முடியைப் படத்தில் காண்போர், அஃது ஓர் எரிமலை என்பதை எளிதில் மறந்துவிடுவர். அதன் அடிவாரத்தில் வாழ்ந்த மக்களோ அதனை மறக்க இயலாதவர்கள். அவர்தம் வழிபாடு அச்சத்தில் வேரூன்றியது.

கி.பி. 864ஆம் ஆண்டில் பூஜியின் வடமேற்குச் சரிவு பிளந்தது. பெருகிய நெருப்புக் குழம்பு சேனோஉமி என்னும் ஏரியுட் புகுந்து, அதன் பெரும்பகுதியைத் தூர்த்தது. எஞ்சிய நீரே இன்று சாய், ஷோஜி என்னும் இரண்டு ஏரிகளாய் நிற்கின்றது. நீர் கொதித்தது, மீன்கள் மடிந்தன, வீடுகள் புதையுண்டன என்று காய் மண்டலத்து அதிகாரிகள் அரசவைக்கு எழுதினர். குறிகேட்ட அரசவை என்ன செய்தது? அண்டையிலுள்ள சுருகா மண்டலத்து அசாமா கோயிற் குருமார் பூசையில் அசட்டையாய் இருந்ததே காரணம் என்று பழி சுமத்தியது! மறு ஆண்டில் காய் மண்டலத்திலும் அத்தெய்வத்துக்குக் கோயில் எழுந்தது.

அசாமா என்பதே பின்னர்ச் செங்கென் எனவும் வழங்கலாயிற்று. அத்தெய்வமும் கோனோஹானா சகுயா ஹிமே என்னும் தேவியாகக் கருதப்பெற்றது. கணவன் ஐயுற்றபோது, எரியும் குடிலினுள் தீங்கின்றி மகப்பெற்றவள் அவள் என்பது புராணம். தீயை வென்றவள் மலையின் தீயையும் அடக்குவாள் என மக்கள் நம்பினர்.

பூஜினோமியா நகரிலுள்ள தலைமைச் செங்கென் கோயிலில் வாகுதாமா என்னும் பொய்கை உண்டு. மலைமேற் பெய்த மழையும் பனியும், முன்னொருநாள் நெருப்பாய் ஓடிய பாறைகளினூடே கசிந்து, அங்கே தெள்ளிய ஊற்றாய்ப் பொங்குகின்றன. யாத்திரிகர் அதில் நீராடிய பின்னரே மலையேறுவது பழைய வழக்கம். அழிக்கும் மலையே அளிக்கும் மலையுமாயிற்று. அச்சம் நன்றியோடு கலந்தது.

1707ஆம் ஆண்டில் பூஜி மீண்டும் வெடித்தது; ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எதோ நகரிலும், அதாவது இன்றைய டோக்கியோவிலும், சாம்பல் பொழிந்தது. அதன்பின் அம்மலை வெடிக்கவில்லை; ஆயினும் அவிந்துவிடவுமில்லை.

864இன் செய்தியை, 901இல் நிறைவுற்ற அரச வரலாற்று நூல் காத்துவைத்துள்ளது. இன்றைய எரிமலை ஆய்வாளர் அதனைப் பாறைகளோடு ஒப்பிட்டுப் பயிலுகின்றனர். மலை வெடித்ததற்குக் குருமார்மீது பழி சுமத்திய அதே நூல்தான், வெடித்த விதத்தையும் நமக்குச் சொல்லுகின்றது. பழைய ஏடுகளில் முன்னோர் கூறிய காரணத்தை ஏற்காதிருக்கலாம். அவர் கண்ட காட்சியைப் புறக்கணித்தல் ஆகாது. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றல் வேண்டும்.