பட்டா லொறிக்கு சோலார்: பனலுக்கு முன் கணக்கும் வயரும்

கதிரவெளியில் ஒரு பட்டா லொறி இருக்கிறது. டாட்டா ஏஸ் என்று கம்பனி வைத்த பெயரை இங்கு யாரும் சொல்வதில்லை. சின்ன லொறி என்றால் பட்டாதான். பின்பெட்டியை மூடி, ஒரு பக்கத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவு வைத்து, உள்ளே ஒரு பலகைக் கட்டிலும் ஒரு பிரிஜும் பொருத்தியிருக்கிறார்கள். கூரையில் பெரிய சோலார் பனல் ஒன்று. மாமாங்கத்து ஆடி அமாவாசை, வெருகல் முருகன் திருவிழா, மண்டூர், கொக்கட்டிச்சோலைத் தேர் என்று ஆடியிலிருந்து புரட்டாதி வரை கோயில் கோயிலாகப் போய் ஜூஸும் குளிர்பானமும் விற்கிற ஒரு கணவன் மனைவியின் கடை அது. அந்த மாதங்களில் அவர்களின் வீடும் அதுதான்.

வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் விடுமுறைக்கு இப்படியான வாகனங்களில் சுற்றுலா போகிறார்கள். ஊரிலே வாகனத்தில் குடியிருந்த அனுபவம் வேறு விதமானது. உழவு இயந்திரப் பெட்டிக்கு மேல் தறப்பாளைக் கட்டிவிட்டு அதற்குள் மாதக்கணக்கில் படுத்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கதிரவெளியும் அந்த வரலாற்றுக்குள்தான் வருகிறது. 2006 நவம்பர் 8 அன்று விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது ஷெல்கள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பற்றரி என்பதே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலமும் நமக்கு மறக்கவில்லை. இன்று சந்தையில் பற்றரியும் பனலும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. இந்தப் பட்டாக்காரர்களுக்கு நடந்தது அதுதான்.

முன்பு அவர்கள் சிறிய பெற்றோல் ஜெனரேற்றர் வைத்திருந்தார்கள். 2022இல் எரிபொருள் கோட்டாவுக்கு வந்தபோது அது மூலைக்குப் போனது. பிறகு அக்காவின் காப்பை அடகு வைத்து, நகரத்துக் கடையொன்றில் 550 வாற் பனல், 'சோலார் பற்றரி' என்று எழுதிய ஈய-அமில பற்றரி, ஒரு கொன்ட்ரோலர், ஓர் இன்வேர்ட்டர் எல்லாவற்றையும் ஒரே 'செற்' ஆக வாங்கினார்கள். "முதல் ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு தம்பி. மறுகா பாத்தா நடுச்சாமத்தில பிரிஜ் நிண்டு போய்க் கிடக்கு. கடைக்காரன் இன்னொரு பனல் போடுங்க எண்டான்" என்றார் அண்ணன். இன்னொரு பனல் போட்டிருந்தால் இன்னொரு காப்பு போயிருக்கும். பிழை பனலில் இருக்கவில்லை.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது

கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை வாற், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். வருவது வாற்-மணி. மின்சார சபை பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 வாற்-மணி.

இந்தப் பட்டாவின் கணக்கு இது. 12 வோல்ற் எல்.ஈ.டி. விளக்குகள் மொத்தம் 20 வாற், ஐந்து மணித்தியாலம்: 100. 15 வாற் ஃபான், எட்டு மணித்தியாலம்: 120. நாலு போன் சார்ஜ்: ஏறக்குறைய 60. ஜூஸ் அடிக்கும் பிளென்டர் 400 வாற். ஆனால் அது ஒரு நாளில் சேர்த்து இருபது நிமிடம்தான் சுற்றுகிறது. இன்வேர்ட்டர் தின்னும் பங்கையும் சேர்த்து 150. பிரிஜ்தான் பெரும் வாய். 12 வோல்ற் கொம்பிரசர் உள்ள சின்ன பிரிஜ் ஓடும்போது 45 வாற் அளவே எடுக்கும் என்றாலும், எங்கள் வெக்கைக்கும் கடைக்காக அடிக்கடி திறந்து மூடுவதற்கும் நாளில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு 500 என்று வையுங்கள். மொத்தம் 930. ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தத் தாளில் ரைஸ் குக்கர், கேத்தில், அயன் மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள். சூடாக்கும் எந்தச் சாதனமும் வாகன சோலாருக்கு ஒத்துவராது. அதற்குக் காஸ் அடுப்பு இருக்கிறது.

கிழக்குக் கரையில் வெயில் காலத்தில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் முழு வெயில் கிடைப்பதாகக் கணக்கிடலாம். கார்த்திகை, மார்கழி மழையில் அது மூன்றுக்கு இறங்கும். பனலில் எழுதியிருக்கும் வாற், 25 பாகை வெப்பத்தில் ஆய்வுகூடத்தில் அளந்தது. லொறிக் கூரையில் அது 65 பாகை வரை கொதிக்கும்; அதனால் மட்டும் ஏழில் ஒரு பங்கு போய்விடும். தூசி, உப்புப் படிவு, படுக்கையாக வைத்திருப்பது எல்லாவற்றையும் கழித்தால் எழுதியதில் 70 வீதம் கிடைத்தாலே நல்லது. 930ஐ ஐந்தாலும் 0.7ஆலும் வகுத்தால் 270 வாற் பனல் போதும் என்று வருகிறது. மழைக்காலத்துக்கு 450. ஆக, 550 வாற் பனல் தாராளம். அப்படியிருந்தும் பிரிஜ் ஏன் நின்றது?

கொன்ட்ரோலர் என்ற கள்ளன்

வீட்டுக் கூரைக்குச் செய்யப்பட்ட 550 வாற் பனல் ஏறக்குறைய 42 வோல்ற்றில் 13 அம்பியர் தருகிறது. மலிவு வகையான பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் அந்த 42 வோல்ற்றை பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்துக் கீழே போடும். அம்பியரைக் கூட்டித் தராது. 13 அம்பியரை 13 வோல்ற்றால் பெருக்கினால் 170 வாற் சொச்சம். 550க்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எம்.பி.பி.ரி. வகைக் கொன்ட்ரோலர் கூடுதல் வோல்ற்றை அம்பியராக மாற்றிக் கொடுக்கும். இந்தப் பனலுக்கு 100 வோல்ற், 40 அம்பியர் எழுதிய ஒன்று சரி.

சந்தையில் எம்.பி.பி.ரி. என்று வெளியே எழுதி, உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்த பெட்டிகள் நிறைய உண்டு. கண்டுபிடிக்க மல்ரிமீற்றர் போதும். பற்றரி பாதி இறங்கியிருக்கும் ஒரு நண்பகலில், கொன்ட்ரோலருக்குள் வரும் பனல் வயர் இரண்டிலும் வோல்ற்றை அளந்து பாருங்கள். 35க்கும் 42க்கும் இடையில் காட்டினால் உண்மையான எம்.பி.பி.ரி. பற்றரியின் அதே 13, 14 காட்டினால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள். இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பனல் எதையும் ஓட்டாமல் வெறுமனே வெயிலில் கிடக்கும்போது 50 வோல்ற் வரை போகும். இரண்டு பனலைத் தொடராக இணைத்தால் 100. அந்த 100 வோல்ற் கொன்ட்ரோலர் அன்றைக்கே எரியும். இரண்டாவது பனல் போடுவதென்றால் சமாந்தரமாக இணைத்து, கொன்ட்ரோலரின் அம்பியரையும் கூட்டவேண்டும்.

நிழலையும் சொல்லவேண்டும். கோயில் வீதியில் எல்லோரும் வேம்புக்கும் மருதுக்கும் கீழேதான் வாகனத்தை விடுவார்கள். பனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே வரவு பாதிக்கு மேல் குறையலாம். பட்டாவை வெயிலில் விட்டுவிட்டு நாங்கள் நிழலில் நிற்கவேண்டும், வேறு வழியில்லை.

பற்றரி

பனல் பகலில்தான் வேலை செய்யும். இரவு முழுவதையும் தாங்குவது பற்றரி. லொறியை ஸ்ரார்ட் பண்ணும் பற்றரி ஒரு நொடிக்கு நிறைய அம்பியர் கொடுக்கச் செய்யப்பட்டது. தினமும் ஆழமாக இறக்கினால் சில மாதங்களில் செத்துவிடும். ஆழமாக இறக்கக்கூடிய ஈய-அமில பற்றரியைக்கூட பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. எனவே இந்தக் கணக்குக்கு 150 முதல் 200 அம்பியர்-மணி தேவை. அதன் பாரம் ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாதது. லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் 100 அம்பியர்-மணி என்றால் 1280 வாற்-மணி; அதில் 80 வீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். எடை 12 கிலோ அளவு. விலை கூட. ஆனால் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும் பாவனையில் பல வருடம் நிற்கும். கடன் வாங்கித்தான் செய்யவேண்டும் என்றால் நான் பனலில் சிக்கனம் பிடிப்பேன், பற்றரியில் பிடிக்க மாட்டேன்.

பழைய லப்டொப் பற்றரிகளை உடைத்து ஒன்றாகக் கட்டி பெயின்ற் அடித்து விற்கிறார்கள். மனிதர் படுத்துறங்கும் வாகனத்துக்குள் அதை வைக்கவே வேண்டாம்.

லித்தியத்துக்கு மாறினால் கொன்ட்ரோலரின் அமைப்பையும் லித்தியத்துக்கு மாற்றவேண்டும். ஈய-அமிலத்துக்கான 'ஈக்குவலைஸ்' அமைப்பு ஓடினால் பற்றரியின் பாதுகாப்புச் சுற்று அடிக்கடி வெட்டும். பற்றரியை இஞ்சின் சூடு படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் எந்த பற்றரியும் இருக்கக் கூடாது. ஈய-அமில பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் விடுகிறது. அதை மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டு மேலே கட்டில் போடுவது தற்கொலை.

வயரும் பியூசும்

வாழைச்சேனைப் பக்கத்தில் மின்வேலை செய்யும் ஓர் இளைஞர்தான் இந்தப் பட்டாவைத் திருத்திக் கொடுத்தார். அவர் முதலில் கழற்றி எறிந்தது வயரை. பற்றரியிலிருந்து பிரிஜுக்கு ஐந்து மீற்றர் தூரம், வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. வயரில் போட்டிருந்தார்கள். போய்வரும் பத்து மீற்றரில் 5 அம்பியர் ஓடும்போது 0.6 வோல்ற் வயரிலேயே போய்விடும். கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூட. பின்னிரவில் பற்றரி 12.1இல் நிற்கும்போது பிரிஜின் வாசலில் 11 வோல்ற்தான் இருக்கும். பற்றரி இறங்கிவிட்டதென்று நினைத்து அது தன்னை நிறுத்திக்கொள்ளும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ற் சொச்சம். அடகு வைத்த காப்பையும் இன்னொரு பனலையும் விட இந்த ஐந்து மீற்றர் வயர் மலிவு.

12 வோல்ற்றில் எல்லாமே அம்பியர்தான். 1000 வாற் இன்வேர்ட்டர் முழுச் சுமையில் 95 அம்பியர் இழுக்கும். அதற்கு 35 சதுர மி.மீ. செப்பு வயர் வேண்டும். ஒரு மீற்றருக்குள் முடியும்படி இன்வேர்ட்டரை பற்றரிக்குப் பக்கத்தில் வையுங்கள். நீட்டுவதென்றால் 230 வோல்ற் பக்கத்தை நீட்டலாம். கொன்ட்ரோலரிலிருந்து பற்றரிக்கு 10 சதுர மி.மீ., பனலிலிருந்து கொன்ட்ரோலருக்கு வெயில் தாங்கும் 4 சதுர மி.மீ. சோலார் வயர்.

பியூஸ், பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். வயர் உராய்ந்து லொறியின் இரும்பில் பட்டால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும்; பியூஸ் இல்லாவிட்டால் வயரே அடுப்பு. இன்வேர்ட்டர் வழிக்கு 125 அம்பியர், கொன்ட்ரோலர் வழிக்கு 50, பிரிஜுக்கு 15, விளக்குக்கும் ஃபானுக்கும் 10. பனல் வழியில் ஒரு டீ.சி. பிரேக்கர் போடுங்கள். வீட்டு ஏ.சி. பிரேக்கரைக் கொண்டுவந்து போடாதீர்கள்: நேரோட்டத்தில் அது திறக்கும்போது பொறி அணையாமல் நின்று பிரேக்கரையே உருக்கும்.

மறைமுனையை லொறிச் சட்டத்தில் திருகிவிடுவது கராஜ் வழக்கம். கடற்கரையில் அந்தத் திருகாணி ஒரு மாரியில் துருப்பிடிக்கும். எல்லா மறை வயரையும் தனியாக இழுத்து ஒரே செப்புப் பட்டையில் சேர்ப்பது நல்லது. முனைகளைக் கையால் முறுக்கிச் சுற்றாமல் லக் போட்டு அழுத்தி, சுருங்கும் குழாய் மாட்டி, கிறீஸ் பூசவேண்டும். தகரத்தில் துளையிட்டு வயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். ஏ15 வீதி இப்போது நல்ல வீதிதான். பாலங்கள் வருமுன் ஆறுகளில் வாகனத்தைப் பாதையில் ஏற்றிக் கடந்த காலத்தை நினைத்தால் சொர்க்கம். ஆனாலும் கோயிலடிக்கு இறங்கும் மண் ஒழுங்கைகள் மாறவில்லை. குலுக்கம் எந்த நட்டையும் கழற்றும். பூட்டு நட்டுப் போடுங்கள். பனலுக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு அங்குலம் காற்றுப் போக விடுங்கள். இந்த அளவுப் பனல் 2.28 மீற்றர் நீளம், 28 கிலோ அளவு எடை. பட்டாவின் பெட்டியை விடச் சற்று நீளம் என்பதால் கபினுக்கு மேலே நீட்டிச் சட்டம் அடித்திருக்கிறார்கள்.

இணைக்கும் ஒழுங்கு முக்கியம். கொன்ட்ரோலரில் முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல், பிறகு பற்றரி. மாறிச் செய்தால் பல கொன்ட்ரோலர்கள் தாங்காது. கொன்ட்ரோலரில் 'லோட்' என்று இருக்கும் முனையில் இன்வேர்ட்டரை மாட்டாதீர்கள். அது நேரே பற்றரிக்குப் போகவேண்டும். பிளென்டர் மோட்டார் தொடங்கும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் பியூர் சைன் வகை இன்வேர்ட்டரே வாங்குங்கள். அது தருவது வீட்டில் இருக்கும் அதே 230 வோல்ற், அடித்தால் அதே அடிதான். ஈரக் கையோடு ஜூஸ் போடும் இடத்தில் ட்ரிப் சுவிச் கட்டாயம். திருவிழாக் கடைகளுக்குக் கோயில் ஜெனரேற்றர் லைன் கொடுப்பார்கள். அதையும் இன்வேர்ட்டர் லைனையும் ஒரே பிளக்கில் சேர்த்துவிட்டால் இன்வேர்ட்டர் அந்த நொடியே போகும்.

மழை நாளுக்கு லொறியின் ஓல்ரனேற்றரிலிருந்தும் சார்ஜ் எடுக்கலாம். நேரே வயர் இழுத்தால் லித்தியம் பற்றரி அளவில்லாமல் இழுத்துச் சின்ன ஓல்ரனேற்றரைச் சுட்டுவிடும். இடையில் 20 அம்பியர் டீ.சி.-டீ.சி. சார்ஜர் வைத்தால், இரண்டு மணித்தியால ஓட்டத்தில் 500 வாற்-மணிக்கு மேல் சேரும். அரை நாள் தேவை அது.

கடந்த ஆவணியில் வெருகலில் பிரிஜ் ஒருநாளும் நிற்கவில்லை என்றார் அக்கா. வெருகலாற்றைத் தாண்டி வடக்கே போனால் சம்பூர். அங்கே 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் வேலையை 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமர் மோடி தொடக்கி வைத்தார். "அது கொழும்புக்கு. இது எனக்கு" என்று கூரையைக் காட்டினார்.

காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. திருவிழாக்கள் முடிந்து மாரி தொடங்கியதும் அவர்கள் பனல் பிரேக்கரை இறக்கி, பிறகு பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். லித்தியத்தை முழுதாகவோ வெறுமையாகவோ விடாமல் பாதி சார்ஜில், ஏறக்குறைய 13.1 வோல்ற்றில், சூடு படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் அளந்து பார்த்தால் போதும்.