சிறுதொழிலுக்கு எந்தக் கதவை முதலில் தட்டுவது?

1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் பறிபோய்க்கொண்டிருந்தன. பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தச் சில்லறை ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

இன்று நிலைமை வேறு. உதவும் அமைப்புகள் பல இருக்கின்றன; அவற்றைக் கோர்க்கும் நூல்தான் இல்லை. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா, வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி, பிணை கேட்காமல் குழுமுறையில் கடன் தருகிறது. 1998-இல் வந்த தெக்குன் நேஷனலின் கீழ் இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டம் இயங்குகிறது. 2024-இல் 'ஸ்பூமி கோஸ் பிக்' 3 கோடி வெள்ளியுடனும், அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கான 'பெண்' திட்டம் 5 கோடி வெள்ளியுடனும் அறிவிக்கப்பட்டன. பேங்க் ராக்யாட்டும் அதே ஆண்டில் பிரீஃப்-ஐ திட்டத்தைக் கொண்டுவந்தது. இவை எல்லாம் தொழில்முனைவோர், கூட்டுறவு மேம்பாட்டு அமைச்சின் குடைக்குள் இருப்பவை.

சிக்கல் அந்தக் குடைக்கு வெளியே. வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வியாபாரப் பதிவுக்கு எஸ்எஸ்எம், லைசென்சுக்கு நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம், உணவு கையாளும் பயிற்சிக்குச் சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம், ஹலால் சான்றிதழுக்கு ஜாக்கிம் அல்லது மாநிலச் சமய இலாகா. ஒரு கவுண்டரில் இருப்பவர் அடுத்த கவுண்டரைப் பற்றிச் சொல்வது அபூர்வம். அலைந்து களைத்து, "நமக்கெல்லாம் தரமாட்டார்கள்" என்று வீடு திரும்பியவர்கள் நம்மிடையே கொஞ்சமல்ல. பல நேரம் அங்கே குறைந்தது தகுதியல்ல, ஒரு தாள்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் எஸ்எஸ்எம். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலும் செய்யலாம். இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியும். அதன் பிறகு உணவுப் பயிற்சியும் டைபாய்டு ஊசியும். கடன் விண்ணப்பம் அதற்கும் பிறகுதான். பலர் கடனில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கிறார்கள்.

இந்த வரிசையை ஒருமுறை நடந்து முடித்தவர் ஒவ்வொரு தாமானிலும் ஒருவராவது இருப்பார். கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு மாலை அவரை உட்கார வைத்தால், புதியவர்களின் பாரங்களை அவரே சரிபார்த்துக் கொடுக்கலாம். செலவு ஒரு மேசை, சில நாற்காலி.

வீட்டிலேயே சமைத்து விற்க அனுமதி உண்டா என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். மாவு இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் லைசென்சு கவுண்டரில் அதைக் கேட்டுவிடுங்கள்.